பறியைக் கவ்விய வாய்

ஜமுனாவுக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஜெபம் வராது. ஐந்தாவது நிமிடத்தில் சொற்கள் தீர்ந்துபோகும். பாஸ்டர் தெய்வசிகாமணி கேட்டதோ ஒரு மணி நேரம்.

காட்டூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, ஏரிக்கரையில் தகரக் கூரை போட்ட ஜெப வீட்டில் முப்பது பேருக்கு ஆராதனை நடத்துகிறவர் அவர். நல்ல மனிதர். சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம். முப்பது பேருக்கு மைக் எதற்கு என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. அந்த மைக்கில்தான் இருபத்தொரு நாள் விசேஷ ஜெபத்தை அறிவித்தார்.

"மனசுக்குள்ள முணுமுணுத்தா அது ஜெபம் இல்ல, யோசனை. வாயைத் திறக்கணும். தினம் ஒரு மணி நேரம் சத்தமா ஜெபிக்கணும். முடியற ஞாயித்துக்கிழமை ஒவ்வொருத்தரும் எழுந்து, ஆண்டவர் உங்ககிட்ட என்ன பேசினார்னு சாட்சி சொல்லணும். யாரும் தப்பிக்க முடியாது."

எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். ஜமுனா சற்றுத் தாமதமாகச் சொன்னாள்.

அவள் ஆறு வருடமாகச் சபைக்கு வருகிறாள். ஞானஸ்நானமும் ஆயிற்று. தினமும் கழுத்தளவு நின்று இறால் தடவிப் பிடிக்கிற அதே தண்ணீரில்தான் பாஸ்டர் அவளை முக்கி எடுத்தார். வெறுங்கையோடு அவள் ஏரியிலிருந்து கரையேறியது அந்த ஒரு நாள்தான். பாட்டு வரும், காணிக்கை போடுவாள், பெருக்கும் முறை வந்தால் பெருக்குவாள். ஒன்று மட்டும் நடக்கவில்லை. சபையில் மற்றவர்கள், "நேத்து ஆண்டவர் எங்கிட்ட பேசினாரு" என்று, அண்ணன் போன் பண்ணினான் என்பதைப் போலச் சொல்வார்கள். அதே சபைக் கிறிஸ்டினாவிடம் ஆண்டவர் வாரத்துக்கு இரண்டு முறையாவது பேசிவிடுவார். ஜமுனாவிடம் ஒரு முறைகூடப் பேசியதில்லை.

கடவுள் உண்டு என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. ஜமுனா என்று ஒருத்தி இருப்பது அவருக்குத் தெரியுமா என்பதில்தான் சந்தேகம். ஆறு வருடம் ஒரு வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டும் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் ஒரு மனுஷி என்ன நினைப்பாள்? அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த இருபத்தொரு நாளில் ஏதாவது நடக்க வேண்டும். நடக்காவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, என்னிடம் யாரும் பேசவில்லை என்று சொல்லிவிட்டு, அதோடு சபைக்குப் போவதை நிறுத்திவிடுவது. பொய்ச் சாட்சி சொல்ல அவளுக்கு வராது.

முதல் நாள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து சமையல் மூலையில் முட்டி போட்டாள். வீடு ஒரே அறை. மகள் பவித்ரா பத்தாவது படிப்பவள், போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். கணவன் முத்து எழுந்து உட்கார்ந்தான்.

"பரலோகப் பிதாவே, உமக்கு ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்..."

"இன்னா ஜமுனா, யாராச்சும் செத்துப் பூட்டாங்களா?"

"ஜெபம் பண்றேன்யா. படு."

"இம்மாஞ் சத்தமாவா? உன் சாமிக்குக் காது மந்தமா?"

"பாஸ்டர் சொல்லிகீறாரு."

"அவருக்கு இன்னா, காட்டூர்ல தனி ரூமு கீது."

வீட்டில் உள்ளவர்களுக்காக, பவித்ராவின் பரீட்சைக்காக, முத்துவின் குடி நிற்பதற்காக, நாட்டுத் தலைவர்களுக்காக என்று ஜெபித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு நிமிடம். அதற்குப் பிறகு ஐம்பத்தாறு நிமிடமும் ஸ்தோத்திரம் சொல்லலாம் என்று பார்த்தாள். முப்பதாவது ஸ்தோத்திரத்தில் பக்கத்து வீட்டு வெண்ணிலா கதவைத் தட்டி, தண்ணீர் வற்ற ஆரம்பித்துவிட்டது, வருகிறாயா இல்லையா என்று கேட்டாள்.

அதுதான் பெரிய சிக்கல். கடலோடு கலக்கிற ஏரி அது; இறால் தடவுகிறவர்களுக்கு நேரத்தை அதுதான் சொல்லும். தண்ணீர் இறங்குகிற நேரத்துக்கு இறங்கியாக வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் போனால் சேறுதான் இருக்கும். சரி, தண்ணீரிலேயே ஜெபித்துக்கொள்வோம், எப்படியும் மூன்று மணி நேரம் அங்கேதானே கிடக்கிறோம் என்று ஜமுனா நினைத்தாள்.

தண்ணீரில் இறங்கினால் வாய் தன் வசம் இருக்காது என்பது இருபது வருடமாக இறால் தடவுகிறவளுக்கு மறந்துபோனதுதான் வேடிக்கை. இறாலைப் போட்டு வைக்க ஓலையில் முடைந்த பறி ஒன்று உண்டு. அதன் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். பறி மோவாய்க்குக் கீழே மிதந்துகொண்டு வரும். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்த மாதிரியே நகர்ந்து, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவ வேண்டும். விரலுக்கடியில் இறால் துள்ளும். அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறி வாயின் பொறுப்பு.

மூன்றாம் நாள் காலை. பறி பாதி நிறைந்திருந்தது. ஐந்து பெண்கள் வரிசையாகத் தடவிக்கொண்டு போக, ஜமுனா நடுவில் இருந்தாள். நல்ல வெயில், நல்ல மனநிலை. "பரலோகப் பிதாவே!" என்று வாயைத் திறந்தாள்.

பறி சாய்ந்தது. ஒரு மணி நேர உழைப்பு நான்கு பக்கமும் துள்ளிப் போயிற்று. காலிப் பறி நீரோட்டத்தில் முகத்துவாரத்தைப் பார்க்கக் கிளம்பியது. வெண்ணிலா நீந்திப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தாள். சிரிப்பில் அவளுக்குத் தன் பறியையே கவ்வ முடியவில்லை. கையில் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வரிசையின் கோடியில் இருந்த காசியம்மாள், வாயில் பறியோடு மூக்கால் சிரித்தாள்.

"இன்னாடி ஜமுனா, உன் சாமிக்கு எறா வோணும்னா கேட்டு வாங்கிக்கச் சொல்லு. இப்பிடி வழிப்பறி பண்ண வோணாம்," என்றாள் வெண்ணிலா. அவள் கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள்.

"ஜெபம் பண்ணேன்டீ."

"எங்க அம்மனாண்ட நாங்க வேண்டிக்கினா ஒரு எறாகூட போனதில்ல."

"நீ வாயத் தொறக்க மாட்ட. அதான்."

"வாயத் தொறந்தாத்தான் உங்காளுக்குக் கேக்குமா? அப்ப எறா தடவறவங்க எப்பிடிச் சேர்றது உங்க கட்சியில?"

ஜமுனா காலிப் பறியைக் கவ்விக்கொண்டு மறுபடி தடவப் போனாள். அடுத்த நாள் பறியை இடுப்பில் கட்டிப் பார்த்தாள். கால் தட்டித் தட்டிக் கவிழ்ந்தது. ஏரியில் ஜெபிக்கும் திட்டத்தைக் கைவிட்டாள்.

ஆனாலும் அவள் விடுகிறவள் இல்லை. சொற்கள் இல்லாததுதான் குறை என்றால் சொற்கள் உள்ளவரிடம் வாங்கிக்கொள்ளலாம். சபையில் கிறிஸ்டினாவை மிஞ்சி ஜெபிக்க ஆளில்லை. ஐம்பது வயது, பால்வாடியில் ஆயா வேலை, எப்போதும் இஸ்திரி போட்ட புடவை. கண்ணை மூடினால் நாற்பது நிமிடம் மூச்சு விடாமல் பேசுவாள், அதுவும் அச்சடித்த மாதிரி தமிழில். ஒரு வெள்ளிக்கிழமை ஜமுனா போனைத் துண்டுக்கடியில் வைத்து அவள் ஜெபத்தைப் பதிவு செய்தாள். பிறகு பாத்திரம் தேய்க்கும்போதும், வலை பின்னும்போதும், தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் அதையே போட்டுக் கேட்டாள். பத்து நாளில் மனப்பாடம்.

"அம்மா, நீ கிறிஸ்டினா பெரிம்மா மாரியே இழுக்கறே," என்றாள் பவித்ரா.

"நல்லாகீதா?"

"பயமாகீது."

பதினேழாம் நாள் புதன்கிழமைக் கூட்டத்தில் பாஸ்டர், "இன்னைக்கு ஜமுனா சிஸ்டர் நமக்காக ஜெபிப்பாங்க," என்றார். ஜமுனா தயாராகத்தான் இருந்தாள். எழுந்து கண்ணை மூடினாள். வானங்களையும் பூமியையும் அந்தகாரத்தையும் வெளிச்சத்தையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். கூட்டம் ஆடிப்போனது. மாசிலாமணி என்ற கிழவர், படகு ஓட்டி ஓய்ந்தவர், பீடிக்கட்டைச் சட்டைப்பையில் தள்ளிவிட்டுக் கைகூப்பி உட்கார்ந்தார். சொற்கள் தாமாகவே ஓடின. ஓடிய வேகத்தில்,

"என் ஒரே குமாரனாகிய கார்த்திக்கின் துபாய் விசாவை நீர் சீக்கிரமாய்க் கட்டளையிடும் பிதாவே" என்று கண்ணீரோடு முழங்கினாள்.

யாரோ களுக்கென்றார்கள். கார்த்திக் கிறிஸ்டினாவின் மகன். ஜமுனாவுக்கு இருப்பது ஒரே பெண். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "முத்துவுக்குத் தெரியுமா?" என்றது. கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். பாஸ்டர் மைக்கில் "அமைதி, அமைதி" என்று சொல்லிக்கொண்டே தோள் குலுங்கச் சிரித்தார். கிறிஸ்டினா மட்டும் சிரிக்கவில்லை. ஜமுனாவைப் பார்த்தாள், பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

ஜமுனா ஆமென் சொல்லாமலே உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் போனிலிருந்து பதிவை அழித்தாள். இன்னும் நான்கு நாள் இருந்தது. ஆனால் அவள் கணக்கில் அன்றோடு முடிந்துவிட்டது.

மறுநாள் காலை கெளுத்தி மீன் குத்தியது.

ஏரியில் கை தடவுகிறவர்களுக்கு அது புதிதில்லை. இறால் என்று அமுக்கினால் சில சமயம் கெளுத்தி மாட்டும், முள்ளை விரித்துக்கொண்டு. வலது கைப் பெருவிரல் அடியில் முள் முழுதாக ஏறியது. தோள் வரைக்கும் நெருப்பு. அலறத்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் பறி நிறைய இரண்டு நாளைக்கான இறால் இருந்தது. வலியில் பல்லை இறுக்கினாள், பல்லுக்கிடையில் கயிறு. வெண்ணிலா முள்ளைப் பிடுங்கிவிட்டு, "போ, கரைக்குப் போயி வெந்நீர்ல கைய முக்கு," என்றாள்.

கரை அரை மணி நேர தூரம். இடுப்பளவு தண்ணீரில், வாயில் பறியோடு, இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜமுனா நடந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. உள்ளே ஒரு குரல் புறப்பட்டது. கிறிஸ்டினாவின் குரல் அல்ல, அவளுடையதேதான். தெருக் குழாயடியில் பயன்படுகிற குரல்.

'யோவ் நைனா! இன்னா நெனச்சினுகீற நீ? பதினெட்டு நாளு. தொண்ட கிழியக் கத்தினேன். ஒரு "ம்" சொன்னியா? கிறிஸ்டினாக்காவாண்ட வாரத்துக்கு ரெண்டு வாட்டி பேசறே, நான் இன்னா ரேஷன் கார்டு இல்லாதவளா? நேத்து முப்பது பேரு முன்னால என் மானம் போச்சு. சிரிச்சியா நீயும்? கெளுத்திய அனுப்பறதுக்கு மட்டும் என் அட்ரஸ் தெரியுதா? அம்மா ஆஸ்பத்திரியில ஒம்போது நாளு கெடந்துச்சே, படிக்கட்டுல குந்தினு கூப்டனே, அப்ப எங்க போன? சொல்லு. எங்க போன? வூட்டுக் கூரத் தகரம் ஓட்டையா கீது, அது வேற...'

தன் அப்பாவைத்தான் அவள் நைனா என்று கூப்பிடுவாள். பரலோகப் பிதாவை அப்படிக் கூப்பிட்டதில்லை. அது தானாக வந்தது, நிறுத்தவும் முடியவில்லை. அம்மாவின் சாவிலிருந்து கூரைக்கும், கூரையிலிருந்து முத்துவின் குடிக்கும், அங்கிருந்து மறுபடி அம்மாவுக்கும் போய்ப் போய் வந்தது. நாலு நிமிடத்தில் தீரவில்லை. கரை வரும்வரை தீரவில்லை.

கரையில் ஏறிப் பறியை இறக்கியபோது ஒன்று அவளுக்கு உறைத்தது.

வீட்டில் அவள் முத்துவைத் திட்டுவது வழக்கம். அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டுதான் திட்டுவாள். அவன் பாதியில் சத்தமில்லாமல் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவான். ஆனால் திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும், எந்த வார்த்தையோடு ஆள் கிளம்பிப் போனான் என்று. ஆள் போன பிறகு திட்டு செல்லாது. சுவரில் பட்டு விழும். பதினேழு வருடக் குடித்தனத்தில் அதில் அவள் ஏமாந்ததே கிடையாது.

இந்த அரை மணி நேரத்தில் ஒரு வார்த்தையும் சுவரில் பட்டு விழவில்லை.

டீக்கடையில் வெந்நீர் வாங்கிக் கையை முக்கிக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு வெளிச்சமும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை. கை வலித்தது. கேட்க ஆள் இருந்தது, அது மட்டும் நிச்சயம். மத்தியானம்தான் பயம் பிடித்தது. சர்வ வல்லவரை யோவ் என்றிருக்கிறாள். அதைவிட மோசமாகவும் இரண்டு மூன்று சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கையில் கட்டோடு போனாள். திட்டியதைச் சொன்னால் பாஸ்டரே வெளியே போகச் சொல்லிவிடுவார். தானாக நின்றுகொள்கிற சிரமமும் மிச்சம் என்றுதான் நினைத்தாள். சாட்சிகள் ஆரம்பித்தன. மாசிலாமணி எழுந்து, "ஆண்டவர் பீடிய வுடச் சொன்னாரு. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிகீறேன்," என்றார். கிறிஸ்டினா எழுந்து, மகன் விஷயமாக ஆண்டவர் "சீக்கிரம்" என்று சொன்னதாகச் சொன்னாள். இரண்டு வருடமாக அவர் அவளிடம் சொல்லிவருவது அதைத்தான்.

ஜமுனா எழுந்தாள். புதன்கிழமையை நினைத்துச் சிலர் இப்போதே உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

"நான் ஒரு மணி நேரம் ஒரு நாள்கூட ஜெபம் பண்ணல பாஸ்டர். வர்ல. வியாழக்கெழம கெளுத்தி குத்திச்சி. ஏரியில இருந்து கரை வரைக்கும் திட்டினேன்."

"கெளுத்தியையா சிஸ்டர்?"

"அவர."

"எவரை?"

ஜமுனா கட்டுப்போட்ட கையால் கூரையைக் காட்டினாள். பாஸ்டர் மைக்கை அணைத்தார். அவர் மைக்கை அணைத்ததை அந்தச் சபை பார்த்தது அதுதான் முதல் தடவை.

"என்னன்னு திட்டினீங்க?"

"யோவ் நைனான்னு ஆரம்பிச்சேன். அப்பறம்..."

அப்புறம் வந்ததில் இரண்டைச் சொன்னாள். பாஸ்டர் அவசரமாகக் கையைத் தூக்கினார். "சரி, சரி. அது போதும். வாய் விட்டா?"

"வாயில பறி இருந்திச்சி. உள்ளுக்குள்ளதான்."

"ஆண்டவர் உங்ககிட்ட என்ன பேசினார்?" கேள்வி பழக்கத்தில் வந்துவிட்டது, கேட்ட பிறகு அவரே சங்கடப்பட்டார்.

"ஒண்ணும் பேசல," என்றாள் ஜமுனா. "ஆனா நான் திட்டி முடிக்கற வரைக்கும் எழுந்து போவல. குந்தினு கேட்டாரு. எனக்குத் தெரியும், எழுந்து போனாத் தெரியும். அவ்ளோதான் பாஸ்டர்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மாசிலாமணி, "எங்கூட்ல நான் எழுந்து போயிருவேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பாஸ்டர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டு நின்றார். பதினெட்டு வருட ஊழியத்தில் அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வசனம் கைவசம் இருந்தது. இப்போது தேடுவது தெரிந்தது. "மனசுக்குள்ள பேசினா அது யோசனைன்னு நான் சொன்னேன்," என்றார் கடைசியில். "அதை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். மத்தது எனக்குத் தெரியல. தெரியாததைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். உட்காருங்க சிஸ்டர்."

உட்கார்ந்த பிறகுதான் ஜமுனாவுக்கு ஞாபகம் வந்தது, இனி வரமாட்டேன் என்று சொல்ல விட்டுப்போயிற்று. மறுபடி எழுந்து சொல்லலாம்தான். எதற்கு என்று இருந்தது. பாட்டு ஆரம்பித்ததும் பாடினாள்.

கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள். தம்ளர் கழுவ ஜமுனா பின்பக்கம் போனாள். ஒரு கையால் கழுவுவது சிரமமாக இருந்தது. பக்கத்தில் யாரோ குந்தினார்கள். இஸ்திரி போட்ட புடவை சேற்றில் பட்டதைப் பற்றிக் கவலைப்படாமல் கிறிஸ்டினா தம்ளரை வாங்கிக் கழுவினாள்.

"அக்கா, புதன்கெழம விசயத்துக்கு மன்னிச்சிக்கோங்க. உங்க ஜெபத்த நான் போன்ல..."

"தெரியும். 'அந்தகாரம்'ன்ற வார்த்தைய இந்த ஊர்ல நான் ஒருத்திதான் சொல்லுவேன்." இன்னொரு தம்ளர் கழுவினாள். "அந்தச் 'சீக்கிரம்' அவர் சொல்றதில்ல, ஜமுனா. நானாச் சொல்லிக்கறது. பையன் ரெண்டு வருசமா போனும் கையுமாப் படுத்துகீறான். வந்து கேக்கறவங்களுக்கு நான் ஏதாச்சும் சொல்லணுமே."

ஜமுனா அடுத்த தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எப்பிடி ஆரம்பிச்சே நீ?"

"இன்னாக்கா?"

"திட்டறத."

"அது நானா ஆரம்பிக்கல. கெளுத்தி ஆரம்பிச்சிது. நீங்க சும்மா பேசிப் பாருங்க."

கிறிஸ்டினா சுற்றிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாள். "கிருபையுள்ள பிதாவே, தங்களுடைய தாமதத்தைக் குறித்து அடியாள் மிகுந்த மனவேதனையோடு..."

"அக்கா, இது கலெக்டருக்குக் குடுக்கற மனு. மடிச்சிக் கவர்ல போட்ரலாம்."

"வேற எப்பிடிடீ பேசறது?"

"பையன எழுப்பறப்ப எப்பிடிப் பேசுவீங்க?"

கிறிஸ்டினா யோசித்தாள். ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "ஏன்யா," என்றாள். சொன்னவுடனே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. கையை எடுத்தாள். "ஏன்யா, உனக்குக் கண்ணு இல்லியா? அவன் மூஞ்சியப் பாத்தியா நீ? நானும் ரெண்டு வருசமா..."

அதற்குப் பிறகு அவளுக்குத் துணை தேவைப்படவில்லை. ஜமுனா கழுவின தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பின்பக்கம் குரல் ஏறுவது கேட்டுப் பாஸ்டர் மைக் ஒயரைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"அங்க யாரு சண்டை?"

"நீங்க இப்ப அங்க போவாதீங்க பாஸ்டர்," என்று ஈரத் தம்ளர்களை அவர் கையில் கொடுத்தாள் ஜமுனா. "இதத் தொடைங்க. எனக்குக் கை வலிக்குது."

பாஸ்டர் வாசலைப் பார்த்தார், ஜமுனாவைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒவ்வொரு தம்ளராகத் துடைக்க ஆரம்பித்தார்.